சாப்பர் கட்டும் பாலம், எம்.இ.எஸ். பார்க்கும் கூரை

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் மலை சரிந்தது. ஆகஸ்ட் 1 மாலைக்குள் சூரல்மலையையும் முண்டக்கையையும் இணைத்து 190 அடி நீளத்தில் ஒரு பெய்லி பாலம், அதாவது தயாராகச் செய்த இரும்புத் துண்டுகளைப் பூட்டி எழுப்பும் பாலம், நின்றது. 24 டன் வரை தாங்கும் பாலம் அது. கட்டியவர்கள் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பின் வீரர்கள், அதாவது மெட்ராஸ் சாப்பர்கள். அந்தப் படைப்பிரிவின் தலைமையிடம் பெங்களூரில், அல்சூர் ஏரியை ஒட்டி இருக்கிறது. அதன் வீரர்களை ராணுவமே 'தம்பி' என்றுதான் கூப்பிடுகிறது என்பதால், இங்கே இருக்கிற தமிழர்களுக்கு அந்தச் செய்தியில் கொஞ்சம் சொந்தப் பெருமையும் இருந்தது.

அதே தம்பி ஊர் திரும்பி, தன் குவார்ட்டர்ஸில் குழாயைத் திறக்கிறார், தண்ணீர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு அவரே இறங்கிவிட முடியாது. புகார் பதிவேட்டில் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வரவேண்டியவர் வேறு துறை. அவர் சீருடை போடாதவர், துப்பாக்கி பிடிக்காதவர், சம்பளம் மட்டும் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து வாங்குபவர். அந்தத் துறையின் பெயர் மிலிட்டரி எஞ்சினியர் சர்வீசஸ், சுருக்கமாக எம்.இ.எஸ். பெங்களூரில் இந்த மூன்றெழுத்தைச் சொன்னால் பாதிப் பேர் மல்லேஸ்வரம் கல்லூரியை நினைப்பார்கள். ஜாலஹள்ளிப் பக்கம் இருப்பவர்களுக்கு அது ஒரு ரோட்டின் பெயர். ராணுவத்துக்கு அது தண்ணீர், மின்சாரம், கூரை, கட்டில்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ராணுவப் பொறியியல் என்றதும் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். சாப்பர்கள் போர்க்களத்துப் பொறியாளர்கள். பாலம் போடுவது, கண்ணிவெடி அகற்றுவது, எதிரியின் பாதையைத் துண்டிப்பது அவர்கள் வேலை. மெட்ராஸ் சாப்பர்கள் பெங்களூரிலும், பெங்கால் சாப்பர்கள் ரூர்க்கியிலும், பம்பாய் சாப்பர்கள் புணே அருகே கட்கியிலும் இருக்கிறார்கள். எல்லைச் சாலைகளைப் போடுவது 1960-ல் தொடங்கிய எல்லைச் சாலைகள் அமைப்பு. ராணுவ நிலத்தின் கணக்கைப் பார்ப்பது பாதுகாப்பு நிலத்துறை. எம்.இ.எஸ். இவற்றில் எதுவும் இல்லை. படை போருக்குப் போகாத நாட்களில் வாழும் ஊரைக் கட்டுவதும், கட்டியதைப் பழுதில்லாமல் வைத்திருப்பதும் அதன் பொறுப்பு. எந்தப் படையும் தன் ஆயுளில் பெரும்பகுதியைப் போரில்லாத நாட்களில்தான் கழிக்கிறது.

ஊர் என்று சொன்னது மிகையில்லை. ஒரு பெரிய ராணுவ வளாகத்துக்குள் பெங்களூர் குடிநீர் வாரியத் தண்ணீரும் பெஸ்காம் மின்சாரமும் மொத்தமாக வந்து சேரும். அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும், மெஸ்ஸுக்கும், சிப்பாய்கள் சேர்ந்து தங்கும் பாரக்குக்கும் பிரித்துக் கொடுப்பது எம்.இ.எஸ். பம்ப் ஹவுஸ் அதனுடையது. துணைமின் நிலையம், சாக்கடை, உள்சாலை, மருத்துவமனையின் குளிர்சாதனம், விமானத் தளத்தின் ஓடுபாதை எல்லாம் அதன் கையில். ஓடுபாதை கொஞ்சம் தனிக் கதை. யெலஹங்கா மாதிரி ஒரு தளத்தில் மேற்பரப்பு பெயர்ந்து ஒரு சின்னக் கல் கிளம்பினாலும் ஜெட் எஞ்சின் அதை உறிஞ்சிக்கொள்ளும், எஞ்சின் போய்விடும். ஊர்ச் சாலையில் குழி விழுந்தால் நாம் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போகிறோம். அங்கே ஒதுங்க இடமில்லை.

குடும்பத்தோடு குவார்ட்டர்ஸில் இருந்தவர்களுக்கு எம்.இ.எஸ். என்றதும் ஞாபகம் வருவது வேறு: மார்ச்சிங் இன், மார்ச்சிங் அவுட். வீடு ஒதுக்கப்பட்டதும் ஒரு பட்டியலோடு ஆள் வருவார். எத்தனை ஃபேன், எத்தனை குழாய், எத்தனை கண்ணாடி, எத்தனை நாற்காலி என்று எண்ணிக் கையெழுத்து வாங்குவார். மாற்றலாகிக் கிளம்பும்போது அதே பட்டியலோடு திரும்ப வருவார். உடைந்த வாஷ்பேசினுக்கும் காணாமல் போன தாழ்ப்பாளுக்கும் 'பாரக் டேமேஜ்' என்று பணம் பிடிப்பார்கள். வெளியே வாடகைக்கு இருக்கும் பெங்களூர்வாசிக்கு ஓனர் அட்வான்ஸில் பெயின்ட்டுக்காகப் பிடிப்பது எப்படியோ, அப்படி. ஒரு நல்ல வித்தியாசம் உண்டு: இங்கே பட்டியல் இருக்கிறது, விலை எழுதி வைத்திருக்கிறது.

இவ்வளவையும் தனக்கென்று ஒரு துறை வைத்து ராணுவம் ஏன் செய்ய வேண்டும்? பொதுப்பணித் துறையிடம் விட்டால் போதாதா? விட்டுப் பார்த்தார்கள். அந்தக் கதை பெங்களூர் தண்டிலேயே, அதாவது கன்டோன்மென்ட்டிலேயே, தொடங்குகிறது.

1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியது. காவிரிக்கரைக் காய்ச்சல் படையைத் தின்றது. 1809 வாக்கில் முகாமைப் பெங்களூருக்கு, மேட்டு நிலத்துக்கு, மாற்றினார்கள். கன்டோன்மென்ட்டுக்கு வரைபடம் போட்டவர் மெட்ராஸ் எஞ்சினியர்ஸைச் சேர்ந்த ஜான் பிளாக்கிஸ்டன். நடுவில் பரேடு மைதானம், அதைச் சுற்றி லைன்கள் எனப்படும் படைகளின் குடியிருப்பு வரிசைகள், அதற்கப்பால் கடைவீதி. இன்றைய எம்.ஜி. ரோடு அந்த மைதானத்தின் தென்விளிம்பு, பழைய பெயர் சவுத் பரேடு. படையோடு வட ஆர்க்காட்டிலிருந்தும் சுற்று வட்டாரங்களிலிருந்தும் தமிழர்கள் வந்தார்கள். சிப்பாயாக மட்டும் வரவில்லை. கொத்தனார், தச்சர், சித்தாள், சமையல்காரர், வண்டிக்காரர், துணி வியாபாரி என்று ஒரு முழு ஜனக்கட்டே வந்தது. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் இன்னும் தமிழ் கேட்பதற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

அன்று வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பாரக் இருந்தது. இந்தியச் சிப்பாய்க்கு இல்லை. அவருக்குக் குடிசைப் படி என்று சின்னத் தொகை கொடுப்பார்கள், லைனில் ஓரிடம் காட்டுவார்கள், குடிசையை அவரே போட்டுக்கொள்ள வேண்டும். மெட்ராஸ் படைச் சிப்பாய்கள் பெண்டு பிள்ளைகளோடு போகிறவர்கள். ஆக, குடும்பக் குடியிருப்பு என்பது அப்போது சிப்பாயின் சொந்தச் செலவு. அரசாங்கத்தின் கடமையாக அதை யாரும் நினைக்கவில்லை. எம்.இ.எஸ்.ஸின் வரலாற்றில் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்: யாருக்கு யார் கூரை போட வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் மாறிக்கொண்டே வந்ததுதான் இந்தத் துறை வளர்ந்த விதம்.

பதிலை மாற்றியது சாவுக்கணக்கு. 1857-க்குப் பிறகு இங்கிலாந்திலிருந்து படைகள் பெருமளவில் வந்தபோது, அவர்களின் உடல்நிலையை விசாரிக்க 1859-ல் ஒரு ராயல் கமிஷன் போட்டார்கள். 1863-ல் அறிக்கை வந்தது. இந்தியாவிலிருந்த ஆங்கிலேயச் சிப்பாய்கள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் வீதம் இறந்துகொண்டிருந்தார்கள் என்றது. காரணம் பெரும்பாலும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காலரா, ஈரல் நோய். குண்டடியால் செத்தவர்கள் சொற்பம். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் ஒவ்வொரு முகாமிலிருந்தும் வந்த விவரங்களை அலசி, நெரிசலான பாரக்கும் அழுக்குத் தண்ணீரும் வடிகால் இல்லாமையும்தான் கொலையாளிகள் என்று காட்டினார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை.

அதற்குப் பிறகுதான் உயர்ந்த கூரை, எதிரெதிர் ஜன்னல், நாற்புறமும் அகலமான வராண்டா, ஆளுக்கு இத்தனை சதுர அடி என்ற கணக்கு எல்லாம் விதியாக வந்தது. பெங்களூரில் இன்றும் மிச்சமிருக்கும் பழைய ராணுவக் கட்டடங்களின் வராண்டாவை அழகு என்று படம் எடுக்கிறோம். அது போட்டது காற்றோட்டத்துக்கு. படைவீரருக்கு எத்தனை சதுர அடி, எந்தப் பதவிக்கு எந்த வகை வீடு என்று சொல்லும் இடவசதி அளவுகோல் இன்றும் ராணுவத்தில் உண்டு. 2009-ல் ஒருமுறையும் 2022-ல் மறுமுறையும் அதைத் திருத்தினார்கள். அதன் தலைமுறை வழியைத் தேடினால் 1863-க்குத்தான் போகும்.

இவ்வளவு பாரக்குகளைக் கட்டுவது யார்? அதற்கு முன் ஒவ்வொரு மாகாணத்திலும் மிலிட்டரி போர்டு என்று ஒன்று ராணுவக் கட்டடத்தையும் ஊர்ச் சாலையையும் சேர்த்தே பார்த்தது, இரண்டிலும் சொதப்பியது. கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்தில், 1850-களில், பொதுப்பணித் துறை வந்தது. இப்போது தலைகீழ்ச் சிக்கல். கால்வாய், ரயில், நீதிமன்றம் என்று அலைந்த துறைக்குப் பாரக் கடைசி வரிசை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முழுக்க ராணுவப் பணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொதுப்பணித் துறையிடமிருந்து பிரித்து ராணுவத்தின் பக்கம் நகர்த்தினார்கள். மிலிட்டரி ஒர்க்ஸ் சர்வீசஸ் என்று ஒன்று உருவானது. முதல் உலகப் போர் முடிந்து, கஜானா காய்ந்து, இஞ்ச்கேப் பிரபுவின் சிக்கனக் குழு எல்லாத் துறையிலும் கத்தரிக்கோலைப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் மறுசீரமைப்பு வந்தது. 1923 செப்டம்பர் 26 அன்று மிலிட்டரி எஞ்சினியர் சர்வீசஸ் பிறந்தது. போர்க்களப் பொறியாளர்களுக்கும் கட்டுமானத்துக்கும் ஒரே தலை: எஞ்சினியர்-இன்-சீஃப். 2023-ல் நூறாண்டு முடிந்தது. அந்தத் தலைமை அலுவலகம் இன்று டெல்லியில் காஷ்மீர் ஹவுஸில் இருக்கிறது. சாலையின் பெயர் ராஜாஜி மார்க்!

இங்கே கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். எம்.இ.எஸ். கட்டுகிறது என்று சொல்கிறோம். பெரும்பாலும் அது கட்டவைக்கிறது. திட்டம் போடும், விவரக்குறிப்பு எழுதும், டெண்டர் விடும், அளக்கும், பணம் கொடுக்கும். கல்லை வைப்பவர் கான்ட்ராக்டரின் மேஸ்திரி. இது நேற்று வந்த தனியார்மயம் இல்லை, தண்டு உருவான நாளிலிருந்து இருக்கும் ஏற்பாடு. பெங்களூரில் அந்தக் கை நெடுங்காலம் தமிழ்க் கையாக இருந்தது.

பெரிய உதாரணம் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார். இன்று கர்நாடக உயர் நீதிமன்றமாக இருக்கும் சிவப்புக் கட்டடம், அட்டாரா கச்சேரி, 1868-ல் கட்டி முடிந்தது. அதன் பொறியாளர் மெட்ராஸ் சாப்பர்ஸிலிருந்து வந்த ரிச்சர்ட் சாங்கி, சாங்கி ஏரிக்குப் பெயர் கொடுத்தவர். ஒப்பந்தக்காரர் முதலியார். சம்பாதித்ததை அவர் பள்ளிகளில் போட்டார். 1873-ல் தொடங்கிய அந்தக் கல்வி அறக்கட்டளை இன்னும் நடக்கிறது. ராணுவப் பொறியாளர் வரைய, தமிழ் ஒப்பந்தக்காரர் எடுத்துக் கட்ட, பெயர் தெரியாத கல்தச்சர்களும் சித்தாள்களும் சுமக்க என்று மூன்று அடுக்காக நடந்த வேலை அது. மேல் இரண்டு அடுக்கின் பெயர்கள் கிடைக்கின்றன. மூன்றாவது அடுக்கு தெருக்களாகத்தான் மிச்சம். அல்சூரை ஒட்டிய மர்ஃபி டவுனுக்குக்கூட அங்கே குடியிருந்தவர்களின் பெயர் வரவில்லை, எக்ஸிக்யூட்டிவ் எஞ்சினியராக இருந்த ஒரு மர்ஃபியின் பெயர்தான் வந்தது.

இரண்டாம் உலகப் போரில் வேலை பலமடங்கானது. பெங்களூரைச் சுற்றி இத்தாலியப் போர்க்கைதி முகாம்கள், ஜாலஹள்ளியில் மருத்துவமனை வளாகம், புதிதாகப் பிறந்திருந்த ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலைக்குள் அமெரிக்க விமானங்களின் பழுதுபார்ப்பு. போர் முடிந்து பல முகாம்கள் மறைந்தன, நிலம் படைகளிடமே தங்கியது.

சுதந்திரத்துக்குப் பின் பெங்களூருக்கு ஒரு விசித்திரமான நிலை வந்தது. 1949-ல் கன்டோன்மென்ட்டும் பழைய பேட்டையும் ஒரே மாநகராட்சியாயின. வெலிங்டனிலோ பரங்கிமலையிலோ பார்க்கிற, ராணுவ ஊரை நிர்வகிக்கும் கன்டோன்மென்ட் போர்டு இங்கே கிடையாது; கர்நாடகத்தில் அது பெலகாவியில்தான். அதனால் பெங்களூரில் ராணுவம் ஒரே வேலிக்குள் இல்லை. அல்சூரில் ஒரு துண்டு, ஏ.எஸ்.சி. (ஆர்மி சர்வீஸ் கோர்) சென்டர் பக்கம் ஒரு துண்டு, ஹெப்பாள், ஜாலஹள்ளி, யெலஹங்கா என்று நகரம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. மதிலுக்கு இந்தப் பக்கம் மாநகராட்சிச் சாக்கடை, அந்தப் பக்கம் எம்.இ.எஸ். சாக்கடை. மழை எந்தப் பக்கத்துச் சட்டத்தையும் படிப்பதில்லை. பெங்களூரில் சாலை அகலப்படுத்தலோ மழைநீர்க் கால்வாயோ ராணுவ மதிலில் போய் நிற்கும்போதெல்லாம் பேச்சுவார்த்தை இழுப்பதற்கு இந்தச் சிதறலும் ஒரு காரணம்.

ஒரு புதுக் கட்டடம் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் தாமதத்துக்கும் காரணம் தெரியும். தேவைப்படும் படைப்பிரிவு கேட்க வேண்டும். அதிகாரிகள் குழு உட்கார்ந்து தேவை உண்மைதானா என்று பார்க்கும், இடத்தைக் குறிக்கும். தேவை ஏற்பு, தோராய மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், அதன் பின் விரிவான வடிவமைப்பு, தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர், ஒப்பந்தம். இதற்கென ராணுவப் பணிகள் நடைமுறை என்று ஒரு கையேடு உண்டு, கடைசியாக 2020-ல் திருத்தப்பட்டது. கேட்ட கமாண்டிங் ஆபீசர் கட்டடம் திறக்கும்போது அந்த ஊரில் இருக்கமாட்டார். இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றலாகும் அதிகாரி கேட்க, அடுத்தவர் திருத்தம் சொல்ல, மூன்றாமவர் நாடா வெட்டுகிறார். தணிக்கை அறிக்கைகள் எம்.இ.எஸ்.ஸின் தாமதத்தைச் சுட்டும்போது, இந்த இசைநாற்காலியையும் சேர்த்துச் சொன்னால் நியாயமாக இருக்கும் என்பது என் எண்ணம். அனுமதிப் படிகள் வீணானவை என்று நான் சொல்லவரவில்லை. மிலிட்டரி போர்டு சொதப்பிய கதையின் நினைவு அவற்றில் இருக்கிறது.

கான்ட்ராக்டர்களின் உலகம் தனி மொழி பேசும். எஸ்.எஸ். வகுப்பில் தொடங்கி இ வகுப்பு வரை பதிவு உண்டு, வகுப்பைப் பொறுத்தே எடுக்கக்கூடிய வேலையின் அளவு. 2249 என்று எண்ணைச் சொன்னால் போதும், பொது ஒப்பந்த நிபந்தனைகள் என்று புரிந்துகொள்வார்கள். 'செட்யூல் பி' என்றால் துறையே கொடுக்கும் பொருட்களின் பட்டியல். சிமென்ட் கட்டுப்பாட்டில் இருந்த காலத்தில் அது உயிர்நாடி. சிமென்ட்டும் கம்பியும் எம்.இ.எஸ். ஸ்டோரிலிருந்து வரும், மூட்டைக்கு மூட்டை கணக்குக் காட்ட வேண்டும். 1982-ல் பாதியும் 1989-ல் முழுதுமாகக் கட்டுப்பாடு நீங்கிய பின் அதன் எடை குறைந்தது. குறையாதது மெஷர்மென்ட் புக். அளந்து எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டால்தான் காசு.

துறைக்குள்ளே ஒரு பழைய முறுகலும் உண்டு. தலைமையில் ராணுவப் பொறியாளர் படையின் லெப்டினன்ட் ஜெனரல். கீழே, கட்டடம்–சாலைப் பிரிவு, மின்–இயந்திரப் பிரிவு என்று நடத்துபவர்களில் பெரும்பகுதி சிவிலியன்கள்: யு.பி.எஸ்.சி. பொறியியல் பணித் தேர்வு எழுதி வரும் அதிகாரிகள், எஸ்.எஸ்.சி. (மத்தியப் பணியாளர் தேர்வாணையம்) தேர்வு எழுதி வரும் ஜே.இ.க்கள், அதாவது ஜூனியர் எஞ்சினியர்கள். களத்தில், ஒரு ராணுவ வளாகத்தின் பணிகளுக்குப் பொறுப்பான கேரிசன் எஞ்சினியர் என்ற நாற்காலி முக்கியமானது, அவர் சீருடைக்காரராகவும் இருக்கலாம், சிவிலியனாகவும் இருக்கலாம். சீருடைக்காரர் போருக்கும் வருவார், ஆனால் சில வருடத்தில் கிளம்பிவிடுவார். சிவிலியனுக்குக் குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியும், ஆனால் உச்சி நாற்காலி கிடையாது. 1923-ல் இரண்டு வேலையையும் ஒரே தலைக்குக் கீழே வைத்ததன் விலை இது.

சமீப காலத்தின் கதை இரண்டு திசையில் ஓடுகிறது. கட்டுவது பெருகியிருக்கிறது. குடும்ப வீடுகளின் பற்றாக்குறை ஏறத்தாழ 2 லட்சம் என்று கணக்கிட்டு, 2002-ல் அதற்கெனத் தனி இயக்குநரகமே வைத்தார்கள். குடிசைப் படி காலத்திலிருந்து பார்த்தால் பெரிய தூரம். 2022 டிசம்பரில் அகமதாபாத் கன்டோன்மென்ட்டில் முப்பரிமாண அச்சில் எழுப்பிய மாடி வீட்டை எம்.இ.எஸ். திறந்தது, 12 வாரத்தில் முடிந்ததாகச் சொன்னார்கள். டெல்லியில் 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவகத்தின் பணியை மேற்பார்த்ததும் எம்.இ.எஸ்.தான். அதன் வடிவமைப்பு உலகப் போட்டியில் வென்ற சென்னை நிறுவனத்துடையது.

பராமரிப்பின் கதை வேறு. லெப்டினன்ட் ஜெனரல் ஷெகட்கர் தலைமையிலான குழு 2016-ல் அறிக்கை கொடுத்தது. போர்த்திறனுக்குப் பணம் ஒதுக்க மற்ற செலவுகளைக் குறை என்பது அதன் சாரம். எம்.இ.எஸ். பற்றிச் சொன்னது: ஒரு பகுதி வேலையைத் துறை ஆட்களும் மறுபகுதியை வெளி ஒப்பந்தமும் செய்யட்டும். 2020 மே மாதம் அடிப்படை, தொழிற்பணியாளர் பிரிவில் 9,304 பணியிடங்கள் ஒழிக்கப்பட்டன. அந்தப் பிரிவில் காலியாகக் கிடந்த 13,157 இடங்களிலிருந்து கழித்தவை இவை, ஆகவே அன்று யாருக்கும் வேலை போகவில்லை. ஆனால் வால்வ்மேன், பம்ப் ஆபரேட்டர், ஃபிட்டர், மஸ்தூர் (கூலியாள்) என்று அல்சூரிலும் மர்ஃபி டவுனிலும் அப்பாவுக்குப் பின் மகன் போய்ச் சேர்ந்த வகை வேலைகள் அவை. அந்த வாசல் பெருமளவு சாத்தப்பட்டுவிட்டது.

போர்த்திறனுக்குப் பணம் வேண்டும் என்ற வாதத்தில் தவறில்லை. ஆனால் கட்டுவதை ஒப்பந்தத்தில் விடுவதும் பராமரிப்பை ஒப்பந்தத்தில் விடுவதும் ஒன்று என்று நினைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. கட்டடத்துக்கு ஒரு நாளில் அளவெடுத்து, குறை இருந்தால் பணத்தை நிறுத்தலாம். பராமரிப்பில் அளக்க என்ன இருக்கிறது? உடையாமல் போன குழாயை எந்த மெஷர்மென்ட் புக்கில் எழுதுவது? ஜே.இ. தேர்வுக்குப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் இன்றும் விருப்பப் பட்டியலில் எம்.இ.எஸ். போடுகிறார்கள். தேர்வானால் அளவுப் புத்தகம் அவர்கள் கைக்கு வரும். ஸ்பேனர் பிடிக்கும் ஆள் ஆண்டு ஒப்பந்தத்தில், வேறொருவர் சம்பளப் பட்டியலில் இருப்பார். ஒப்பந்தம் கைமாறும்போது புதிதாக வரும் ஆளுக்கு, பழைய வளாகத்துக்குள் எந்த வால்வு எந்த மரத்தடியில் புதைந்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்க, ஓய்வுபெறப் போகும் ஒரு துறை வால்வ்மேனைத்தான் தேட வேண்டியிருக்கும்.